இலவசக் குடையும் இணையத் தேடலும்

நூலகத்தில் ஒரு நூலைத் தேடுகிறவர் முதலில் நூற்பட்டியலைப் புரட்டுகிறார். அப்பட்டியல் அகர வரிசையில் அமைந்திருக்கும். அகர வரிசைக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் கிடையாது. பெரும் பேராசிரியர் எழுதிய நூலாயினும், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நூலாயினும் எழுத்துக்குரிய இடத்தில் அது நிற்கும். ஆனால் இன்று நாம் நாள்தோறும் புரட்டும் பட்டியல் வேறு. கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் விடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. எது முதலில் நிற்க வேண்டும், எது பத்தாவதாக நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அகர வரிசை அன்று, ஒரு நிறுவனம். அது கூகுள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 'தேடிப் பார்' என்பதற்குப் பதிலாக 'கூகுள் பண்ணிப் பார்' என்று சொல்லும் அளவுக்கு அப்பெயர் நம் பேச்சில் ஏறிவிட்டது.

பொருளியல் வகுப்பில் முற்றுரிமை பற்றிப் படிக்கிறோம். ஒரே விற்பனையாளர், பல வாங்குவோர், விலையை அவரே விதிப்பார் என்பது இலக்கணம். கூகுளிடம் வரும்போது இந்த இலக்கணம் தடுமாறுகிறது. அங்கே தேடுவதற்கு விலையே இல்லையே! "காசு வாங்காதவர் மீது வழக்கு எதற்கு?" என்று நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விலை இல்லாத இடத்திலும் முற்றுரிமை உண்டு. அதைத் தட்டிக் கேட்க நம் நாட்டில் சட்டமும் உண்டு. ஆனால் அச்சட்டம் உரிய காலத்தில் வந்து சேராவிட்டால் இருந்தும் பயன் குறைவு. இதுவே என் கருத்து.

இரண்டு திருவண்ணாமலைகள்

நம் பகுதியினர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துத் திருவண்ணாமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். தென்திருப்பதி என்று மக்கள் அதைப் போற்றுவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் திரண்டு செல்வர். ஆனால் தேடுபொறியில் 'திருவண்ணாமலை' என்று மட்டும் எழுதிப் பாருங்கள். அருணாசலேசுவரர் கோயிலும், கிரிவலமும், கார்த்திகைத் தீபமும்தான் முன்னே வரும். நம் திருவண்ணாமலையைக் காண வேண்டுமாயின், பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதற்காகக் கூகுளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பெயரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் திருவண்ணாமலையைத்தான் தேடுகிறார்கள். அதை முன்னே காட்டுவது முறையே. எனினும் இந்தச் சிறு எடுத்துக்காட்டில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, முதல் பக்கத்தில் இடம் பெறாதது பலருக்கு உலகத்திலேயே இல்லாதது போலாகிவிடுகிறது. மற்றொன்று, தேடுபவரின் தேவையைக் கருதி வரிசை அமையும் வரை அது நியாயம். வரிசைப்படுத்துபவரின் ஆதாயத்தைக் கருதி அமைந்தால் அது அநியாயம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைக் காப்பதுதான் போட்டிச் சட்டத்தின் கடமை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்பவருக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கும் இக்கோடு ஏட்டளவிலான செய்தி அன்று. வெளியூர் வாடிக்கையாளரும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் இன்று அந்தத் தேடல் வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். வாசலில் நிற்பவர் நடுநிலையில் நின்றால்தான் சரக்கின் தரம் பேசும்.

சென்னையிலிருந்து சென்ற புகார்

இக்கோடு மீறப்பட்டது என்று இந்தியாவில் முதலில் எழுந்த பெரிய புகார் நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்றது என்பது பலர் அறியாத செய்தி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 'பாரத் மேட்ரிமோனி' என்னும் திருமணத் தகவல் சேவையை நடத்தும் நிறுவனம், 2012ஆம் ஆண்டு இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வழக்காடியது. அந்நாளில் அதன் பெயர் கன்சிம் இன்ஃபோ. ஜெய்ப்பூரைச் சேர்ந்த 'கட்ஸ்' என்னும் நுகர்வோர் அமைப்பும் அதே ஆண்டில் தனியே ஒரு புகாரை அளித்தது.

அவர்களுடைய மனக்குறையைப் புரிந்துகொள்ளக் கூகுளுக்கு வருமானம் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் தேடும் ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏலத்துக்கு வருகிறது. பூச்சந்தையில் கூடைகளை ஏலம் விடுவது போலச் சொற்களை ஏலம் விடுகிறார்கள். கேட்கும் தொகையையும் விளம்பரத்தின் பொருத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, மேலே இடம் தருகிறார்கள். ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் பாடுபட்டுத் தேடிக்கொண்ட பெயரையே அதன் போட்டியாளர் ஏலத்தில் எடுக்கலாம். அப்போது அந்நிறுவனம் தன் பெயருக்குத் தானே ஏலம் கேட்க வேண்டிய நிலை வருகிறது. ஆக, தேடுபவரிடம் வாங்காத காசு, தேடப்படுபவரிடம் வாங்கப்படுகிறது. அவர் அதைச் சரக்கின் விலையில் சேர்ப்பார்; கடைசியில் கொடுப்பவர் நாம்தான்.

ஆணையம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் தீர்ப்பளித்தது. மூன்று செய்திகளில் கூகுள் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் கண்டனர். 2010ஆம் ஆண்டுக்கு முன்பு, செய்தி, படம் போன்ற விடைத் தொகுப்புகளைப் பொருத்தம் பார்க்காமல் முதலாம், நான்காம், பத்தாம் இடங்களில் நிலையாக வைத்தது ஒன்று. விமானப் பயணம் பற்றித் தேடுவோருக்குத் தன் சேவையையே கண்ணில் படும்படி நிறுத்தியது இரண்டு. தன் தேடல் வசதியைப் பொருத்திக்கொள்ளும் இணையத்தளங்கள் வேறொருவர் தேடுபொறியை நாடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தியது மூன்று. இந்தியாவில் அதற்குக் கிடைத்த வருவாயின் சராசரியில் 5 விழுக்காடு எனக் கணக்கிட்டு, 135 கோடியே 86 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பெயர்களை ஏலம் விடுவது பற்றிய குற்றச்சாட்டை ஆணையம் ஏற்கவில்லை. உறுப்பினர்களில் இருவர் தீர்ப்புக்கு மாறுபட்டு எழுதினர். கூகுள் மேல்முறையீடு செய்தது. புகார் கொடுத்த சென்னை நிறுவனமும் ஏழை எளியது அன்று. தன் துறையில் அதுவும் பெரியதுதான். ஆயினும் பெரியவருக்கே இந்த நிலை என்றால் சிறியவர் கதி என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

குடை கொடுத்த கப்பல்

'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்வது மனித இயல்பு. ஆனால் தென்பாண்டிச் சீமையைச் சேர்ந்த நாம் அச்சொல்லை ஐயத்தோடு பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. பயணக் கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் கட்டணமே வேண்டா, ஏறி வருவோர்க்கு ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்தது என்பது நாம் பள்ளியிலேயே கேட்ட வரலாறு. அந்தக் குடையை வாங்கிக்கொண்டவருக்கு அன்று ஆதாயம். அன்னியர் ஆட்சி 1908இல் சிதம்பரனாரைச் சிறையில் அடைத்தது. சங்கம் தளர்ந்தது. 1911இல் கலைக்கப்பட்டது. போட்டியாளர் மறைந்த பிறகு இலவசக் குடை எதற்கு?

அதே 1911ஆம் ஆண்டு, மே மாதம் 15ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிட்டது. அந்த எண்ணெய்ப் பேரரசு 34 நிறுவனங்களாகப் பிரிந்தது. அங்கே 1890ஆம் ஆண்டிலேயே ஷெர்மன் சட்டம் இருந்தது. இங்கே அப்படியொரு சட்டம் இல்லை. சட்டம் செய்ய வேண்டிய அரசே கம்பெனியின் பக்கம் நின்றது. ஒரே ஆண்டில் இரு நாடுகளில் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், போட்டிச் சட்டம் எதற்கு என்ற கேள்வி எழாது.

விடுதலை பெற்ற இந்தியா இதை மறக்கவில்லை. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொது நலனுக்குக் கேடு தரும் வகையில் ஓரிடத்தில் குவியக் கூடாது என்று அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு அரசுக்கு நெறி வகுத்தது. 1969இல் முற்றுரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது பருமனைக் கண்டு அஞ்சிய சட்டம். அதற்கு மாற்றாக வந்த 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமோ, பெரிதாக வளர்வதைக் குற்றம் என்று சொல்லவில்லை. வளர்ந்த பின் பிறர் வழியை மறிப்பதையே குற்றம் என்கிறது. இச்சட்டத்தின்கீழ் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் 2009ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். உழைத்து உயர்ந்தவரைத் தண்டிப்பது நம் நோக்கமாக இருக்கக் கூடாது.

முன்பே குடியேறியவர்

கூகுள் தரத்தால் வென்றதா, தந்திரத்தால் வென்றதா என்று கேட்டால், இரண்டும் உண்டு என்பதே நீதிமன்றங்களின் விடை. அமெரிக்க அரசு 2020ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், 2024 ஆகஸ்டு 5ஆம் நாள் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பு வழங்கினார். கூகுளின் தேடுபொறி தரத்தில் உயர்ந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதோடு, தன் முற்றுரிமையைக் காத்துக்கொள்ள அந்நிறுவனம் சட்டத்தை மீறியது என்றும் தீர்ப்புரைத்தார். எப்படி? புதிய கைப்பேசியைத் திறந்தவுடன் தன் தேடுபொறியே முன்னிற்க வேண்டும் என்பதற்காகக் கருவி செய்வோருக்கும் உலாவி நடத்துவோருக்கும் அது பணம் கொடுத்தது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அவ்வாறு கொடுத்த தொகை 2,630 கோடி டாலர்!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தரமே போதும் என்றால் இத்தனை கோடிகளைக் கொட்டுவானேன்? மனிதர்கள் வைத்ததை மாற்றுவதில்லை என்பது வணிகருக்குத் தெரியும். முன்பே குடியேறியவரை யாரும் எழுப்பி வெளியேற்றுவதில்லை. மக்கள் தேடத் தேடத் தேடுபொறி கற்றுக்கொள்கிறது. கற்கக் கற்கச் சிறக்கிறது. புதிதாக வருபவருக்குத் தேடுவோரும் இல்லை, கற்க வழியும் இல்லை. இதுவே முற்றுரிமையின் புதிய இலக்கணம்.

இந்தியாவில் பெரும்பாலான கைப்பேசிகள் கூகுளின் ஆண்ட்ராய்டு அமைப்பில் இயங்குகின்றன. செயலிகளுக்கான பிளே ஸ்டோர் வேண்டுமென்றால், கூகுள் தேடலையும் குரோம் உலாவியையும் சேர்த்தே பொருத்த வேண்டும் என்று கைப்பேசி செய்வோருக்கு நிபந்தனை இருந்தது. இதற்காகப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ஆம் நாள் 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அடுத்த சில நாள்களிலேயே, இந்தியாவில் கைப்பேசி செய்வோர் செயலிகளைத் தனித்தனியே பெறலாம், மக்கள் தங்கள் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை நீக்கியது. ஆனால் அபராதத்தை உறுதி செய்தது.

இதில் நான் காணும் பாடம் அபராதத் தொகை அன்று. கடல் நீரில் ஒரு குடம் மொண்டால் கடல் வற்றாது. பூட்டிய கதவு சிறிதேனும் திறந்தது. அதுவே சட்டத்தின் வெற்றி.

தாமதித்த நீதி

கதவு திறக்கும் வேகம்தான் கவலை தருகிறது. இங்கிலாந்தில் ஒரு கணவனும் மனைவியும் 2006ஆம் ஆண்டு 'ஃபவுண்டம்' என்னும் விலை ஒப்பீட்டு இணையத்தளத்தைத் தொடங்கினர். தேடலில் அது பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டனர். 2017இல் ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. இறுதி நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2024 செப்டம்பரில். பதினைந்து ஆண்டுப் போராட்டத்தில் அவர்கள் கொள்கையளவில் வென்றார்கள். ஆனால் அவர்களுடைய இணையத்தளம் 2016லேயே மூடப்பட்டுவிட்டது. மணமகன் ஊரை விட்டுப் போன பிறகு மேளம் கொட்டியது போலாயிற்று!

நம் நாட்டிலும் 2012இல் கொடுத்த புகாருக்குத் தீர்ப்பு வந்தது 2018இல். இதற்கிடையில் வணிகம் எத்தனையோ உருமாறிவிட்டது. 2024 மார்ச் 1ஆம் நாள், சேவைக் கட்டணத் தகராறு காரணமாகப் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. அக்கட்டணத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அந்நிறுவனங்கள் வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு தலையிட்ட பின் சில நாள்களில் செயலிகள் திரும்பின. கட்டணம் நியாயமா, அநியாயமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரே நாளில் ஒரு நிறுவனத்தைக் கடைத்தெருவிலிருந்து மறைத்துவிடும் வலிமை மற்றொரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைச் சரி செய்ய அமைச்சர் அளவில் பேச வேண்டியிருக்கிறது. அமைச்சரின் கதவைத் தட்ட முடியாத சிறு வணிகர் யாரிடம் போவார்?

மறுப்போர் சொல்வது

பெருமையைக் கருதி மறுப்போர் சிலர். "மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015 முதல் அந்நிறுவனத்தின் தலைவராக இருக்கிறார், நாமே அதைக் குறை சொல்லலாமா?" என்கின்றனர். அவர் உயர்வில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தீர்ப்புரைத்த அமித் மேத்தாவும் குஜராத்தில் பிறந்தவரே. வாதியும் பிரதிவாதியும் நீதிபதியும் எந்த மண்ணில் பிறந்தார்கள் என்று நீதி பார்ப்பதில்லை.

பொருளியல் நோக்கில் மறுப்போர் வேறு சிலர். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது; மக்கள் இனித் தேடுபொறியை விட்டு அதனிடமே கேட்பார்கள்; சந்தையே முற்றுரிமையை உடைக்கும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அமித் மேத்தா 2025 செப்டம்பர் 2ஆம் நாள் வழங்கிய இரண்டாம் ஆணையில் இம்மாற்றத்தைக் கருத்தில் கொண்டார். குரோம் உலாவியை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவுகளில் சிலவற்றைப் போட்டியாளருடன் பகிர ஆணையிட்டார். எனினும் புதிய நுட்பமும் அதே கைப்பேசியில், அதே வாசல் வழியாகத்தானே மக்களிடம் வர வேண்டும்? வாசல் ஒருவர் கையில் இருக்கும் வரை விருந்தாளி மாறினாலும் வீட்டுக்காரர் மாறுவதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

குற்றம் நடந்து பல ஆண்டுகள் கழித்துத் தண்டிப்பதை விட, நடக்கு முன்பே நெறி வகுப்பது மேல். ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய சட்டத்தை இயற்றி நடைமுறைப்படுத்திவிட்டது. நம் நாட்டிலும் 2024 மார்ச்சில் மின்னணுப் போட்டிச் சட்டத்துக்கான வரைவு வெளியிடப்பட்டது. 2025ஆம் ஆண்டிலும் அது சட்டமாகவில்லை. வரைவில் குறைகள் இருக்கலாம்; வளரும் இந்திய நிறுவனங்களின் காலைக் கட்டிவிடக் கூடாது என்ற அச்சமும் பொருளற்றது அன்று. குறைகளைக் களைந்து சட்டமாக்குவதே முறை; கிடப்பில் போடுவது முறையாகாது. புகார்களுக்குக் கால வரம்பு வேண்டும். தொழில்நுட்பம் அறிந்த அலுவலர்கள் ஆணையத்தில் போதிய அளவில் வேண்டும். தன் சேவையைத் தானே முன்னிறுத்துவது கூடாது என்பது ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும்.

சட்டம் ஒரு கை என்றால் மக்கள் மற்றொரு கை. மாணவ நண்பர்களே, கைப்பேசியில் தேடுபொறியை மாற்றும் வசதி இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாற்றத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்த்து, சிறந்தது எதுவோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது கூகுளாகவே இருந்தாலும் குற்றமில்லை. அப்போது அது நாம் தேர்ந்ததாக இருக்கும். கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்போது முதல் விடையோடு நில்லாமல் பத்தாவது விடையையும் படியுங்கள், நூலகத்துக்கும் செல்லுங்கள். பேராசிரியர் பெருமக்கள் முற்றுரிமைப் பாடத்தோடு இவ்வழக்குகளையும் வகுப்பில் எடுத்துரைத்தால், நாங்கள் கற்கும் பாடத்துக்கு உயிர் வரும்.

குடையை வாங்கிக்கொண்டவர்களை நான் பழிக்கவில்லை; மழைக்கும் வெயிலுக்கும் குடை வேண்டும்தான். ஆனால் அந்தக் குடையின் நிழலில் நின்றபடி, எதிர்க்கரையில் நம் கப்பல் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமுறையாக நாம் இருந்துவிடக் கூடாது.